வாட்டம்

கேசட் ஏர்கான் ஒழுகினால் எல்லாரும் முதலில் சொட்டு விழும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். கீழே ஒரு வாளி வைப்பார்கள். அடுத்து, அந்த ஏர்கானைக் கடைசியாகத் தொட்டவன் யார் என்று தேடுவார்கள். சிங்கப்பூரில் 12 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை.

ஏர்கானில் தண்ணீர் வருவது கோளாறு இல்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக இந்த ஏற்பாட்டை வடிவமைத்தபோது, அங்கே பெரிய தலைவலி ஈரம்தான். காற்றின் ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதுதான் இதன் முதல் வேலை. நம்மூர்க் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு நடுத்தரக் கேசட் மணிக்கு 2, 3 லிட்டர் சாதாரணமாக எடுத்துவிடும்.

சுவரில் மாட்டும் ஏர்கானில் தண்ணீர் தானாக இறங்கிவிடும். கூரைக்குள் உட்காரும் கேசட்டில் அது முடியாது. காயிலுக்குக் கீழே ஒரு தட்டு. தட்டில் சேருவதை ஒரு சின்ன பம்ப் மேலே தூக்கும். பிறகு குழாய் வாட்டம் பார்த்து வெளியே போகும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது வாட்டம் வேண்டும். தட்டில் தண்ணீர் எல்லை மீறினால் மிதவை சுவிட்ச் குளிரூட்டுவதை நிறுத்திவிடும்.

எங்கே ஒழுகுது என்பதைவிட எப்ப ஒழுகுது என்று கேட்பதுதான் முக்கியம். போட்டவுடனே ஒழுகினால் தட்டில் விரிசல், இல்லை மெஷின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு என்றால் குழாயில் அடைப்பு. உள்ளே ஜெல்லி மாதிரி பாசி கட்டியிருக்கும். காயிலில் ஐஸ் பிடித்து உருகினால் ஃபில்டர் அழுக்கு, இல்லை கேஸ் குறைவு. மெஷினை விட்டுத் தள்ளிச் சொட்டினால் குழாயின் மேலுறை கிழிந்து வெளியே வியர்க்கிறது.

போன வருடம் ஒரு டியூஷன் சென்டர். எங்கள் தம்பி ஒருவன் சர்வீஸ் செய்துவிட்டு வந்த நான்காம் நாள் ஃபோன் வந்தது. "நீங்க வந்துட்டுப் போனதிலேருந்துதான் ஒழுகுது." கம்பளமும் கூரைப் பலகையும் மாற்ற 600 வெள்ளி. சூப்பர்வைசர் எதையும் விசாரிக்கவில்லை. "அவன் சம்பளத்துல பிடிச்சிக்கலாம்" என்றார்.

தம்பி பட்டுக்கோட்டைப் பக்கம். வந்து எட்டு மாதம், ஏஜெண்ட் கடன் இன்னும் பாதி நிற்கிறது. அன்று இரவு சாப்பிடாமலே படுத்திருந்தான். "தட்டைக் கழுவி, தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தாண்ணே மூடினேன்" என்றான். வேலை நியமனச் சட்டப்படி, ஊழியருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் இழப்புக்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. பிடித்தாலும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தம்பிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் வொர்க் பர்மிட்டில் இருப்பவன் வாய்விட்டுச் சொல்வானா என்பது வேறு கேள்வி.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். தட்டில் ஒரு லிட்டர் ஊற்றினோம். பம்ப் ஒழுங்காக இழுத்தது. அங்கே வேலை பார்க்கும் அம்மாவிடம், எப்போது ஒழுகுகிறது என்று கேட்டேன். பகல் முழுக்க ஒரு சொட்டு இல்லையாம். காலையில் கதவைத் திறந்தால்தான் கம்பளம் ஈரமாம். இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவார்களாம்.

மெயினை அணைத்தால் பம்பும் நின்றுவிடும், மிதவையாலும் பயனில்லை. ஏறு குழாயில் நிற்கும் கொஞ்சத் தண்ணீர் தட்டுக்குத் திரும்பும். அதைத் தட்டு தாங்கும். அதற்குமேல் எங்கிருந்து வருகிறது? பக்கத்துப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தேன். புது விளக்கு மாட்ட வந்தவர்கள், மெஷினுக்கு அருகில் குழாயைத் தாங்கியிருந்த கம்பியைக் கழற்றித் தங்கள் வயருக்கு வழி செய்திருந்தார்கள். குழாய் தொய்ந்து வாட்டம் தலைகீழாகிவிட்டது. தினமும் இரவு குழாயில் கிடந்த தண்ணீரெல்லாம் தட்டுக்கே திரும்பியிருக்கிறது.

பலகையின் மேல்பக்கம் பழுப்பு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. எண்ணினேன், பத்துக்கு மேல். நான்கு நாளில் அத்தனை விழாது. விளக்கு மாட்டி மூன்று வாரம் ஆயிற்று என்று அந்த அம்மாவே சொன்னார். அத்தனை நாளும் பலகை குடித்திருக்கிறது. ஊறி முடிந்த பிறகுதான் கீழே விட்டது. நடுவில் நம்ம தம்பி போய்ச் சர்வீஸ் செய்திருக்கிறான், அவ்வளவுதான்.

கம்பியைக் கட்டி, ரசமட்டம் வைத்து வாட்டம் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. படங்களைச் சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். "ஓகே" என்று பதில் வந்தது. சம்பளத்தில் பிடிக்கவில்லை. தம்பியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

பழியும் தண்ணீர் மாதிரிதான், தாழ்ந்த இடம் பார்த்து இறங்கும். குழாய்க்காவது ரசமட்டம் இருக்கிறது.

இப்போதெல்லாம் தம்பி எந்தக் கூரையைத் திறந்தாலும், கை வைக்குமுன் பலகையைத் தூக்கி நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறான். அவன் ஃபோனில் அம்மா படம் நாலைந்துதான் இருக்கும். மிச்சமெல்லாம் யாரோ ஒருவருடைய கூரைகள்.