நின்ற இடத்தில் அணையும் வண்டி

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பேருந்துக்குக் குறைவில்லை. ஆனால் விக்கிரவாண்டியிலோ மயிலத்திலோ சாலையை விட்டு உள்ளே இறங்கிவிட்டால் மோட்டார் சைக்கிளே கதி. பால்காரர், கொத்தனார், கீரை விற்கும் அம்மாள், பிள்ளையைப் பள்ளியில் விடும் தகப்பனார் ஆகிய எல்லாருடைய அன்றாட உணவும் அந்த இரு சக்கரங்களின்மேல்தான் உருள்கிறது. பங்குக் குருக்களும் அப்படியே. மாட்டு வண்டியிலும் பின்னர் மிதிவண்டியிலும் கிளைக் கிராமங்களைச் சந்தித்த குருக்களின் காலம் ஒன்று உண்டு. 1955-இல் சென்னையில் புல்லட் வண்டிகள் பூட்டப்படத் தொடங்கிய பின்னர், அந்த ஓசை கேட்டாலே “சாமி வந்துவிட்டார்” என்று கோவில் மணியடித்த ஊர்களும் உண்டு.

விரைந்து செல்லும் வண்டி ஆன்ம காரியத்திற்கும் தேவை என்பதைத் திருச்சபை அனுபவத்தால் அறிந்தது. ஆப்பிரிக்காவில் மறைப்பணி செய்த தம் நண்பர், தக்க சமயத்தில் மருத்துவமனை சேர வாகனமின்றி இறந்த துயரத்தால், பவுல் ஷூல்ட்டே என்ற ஜெர்மானியக் குரு 1927-இல் மீவா என்னும் அமைப்பை நிறுவினார். மறைபரப்பு நாடுகளுக்கு வாகனம் வாங்க உதவுவதே அதன் பணி. நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு அழைப்பு வந்து, உபதேசியாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட எந்தக் குருவுக்கும் அவருடைய மனம் விளங்கும்.

ஆதலால் வண்டியைப் பற்றி எழுதுவதற்கு நான் கூச்சப்படவில்லை. இவ்வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றே: “சாமி, வண்டி நின்ற இடத்தில் அணைந்துவிடுகிறது.”

எங்கள் பங்கிலுள்ள பால்காரர் ஒருவருக்கும் இதுவே தொல்லை. இரண்டு கேன் பாலுடன் வாசல் வாசலாக நிற்பவர். நின்று, கிளட்சைப் பிடித்து, முதல் கியர் போட்டவுடன் எஞ்சின் செத்துவிடும். உதைத்து உதைத்தே காலம் போய், கூட்டுறவு நிலையத்தில் அளக்கும் நேரம் தவறினால் அன்றைய பால் வீட்டிற்குத் திரும்பும். ஒரு பட்டறையில் ஐட்லிங்கைத் தூக்கி வைத்தார்கள். வண்டி நின்ற இடத்தில் அலறியது, பெட்ரோலைக் குடித்தது, கியர் விழும்போதெல்லாம் ‘டக்’கென்று உதைத்தது, ஆயினும் அணைவது ஓயவில்லை. அடுத்துச் சொன்னார்கள், கார்புரேட்டரையே மாற்ற வேண்டுமென்று. அதற்காக மனைவியின் தோட்டை அடகு வைக்கப் போகும் வழியில்தான் அவர் பங்கு இல்லத்தில் நுழைந்தார்.

“தம்பி, நியூட்ரலில் ஓடவிடு” என்றேன். சீராக ஓடியது. “இப்போது கிளட்சைப் பிடித்துக் கியர் போடு.” அணைந்தது. அங்கேயே வழக்கு பாதி தீர்ந்தது. நியூட்ரலில் நிலையாக ஓடும் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் குறையில்லை. கிளட்சைப் பிடித்தும் எஞ்சின் சக்கரத்தினின்று முழுதும் விடுபடவில்லை; நிற்கும் வண்டியை இழுக்கும் பாரம் தாங்காமல் அது மடிகிறது. எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி தள்ளச் சொன்னேன். இலகுவாக உருள வேண்டிய வண்டி முரண்டு பிடித்தது. (இரவெல்லாம் நின்ற வண்டியில் தட்டுகள் எண்ணெயால் சற்று ஒட்டியிருப்பது இயல்பு, சூடேறிய பின் பார்ப்பதே சரி.)

கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் ஆட்டம் இருத்தல் பல சிறிய வண்டிகளுக்குரிய அளவு. அவருடையதில் பாதி இழுப்பு வெறுமையிலேயே போயிற்று. கேபிளின் நுனியில் இழைகள் அறுந்து இரண்டு மூன்றே மிஞ்சியிருந்தன. புதிய கேபிள் போட்டு, ஆட்டத்தைச் சரி செய்து, தூக்கி வைத்திருந்த ஐட்லிங்கை இறக்கியதும் வண்டி வாயடங்கியது. தோடு காதிலேயே இருந்தது.

கிளட்ச் குறையை ஐட்லிங்கைத் தூக்கி மறைப்பது, காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்திவிட்டுக் குணமாயிற்று என்பது போன்றது. பட்டறைக்காரர் எல்லாரையும் நான் குறை கூறவில்லை. நெரிசலில் அவர்கள் கை முந்துகிறது.

நியூட்ரலிலும் அணைந்தால் கதை வேறு. ஆக்ஸிலேட்டரை விட்டபின் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஸ்லோ ஜெட் என்னும் மிகச் சிறிய துளை வழியாகவே வருகிறது. நாட்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோல் வற்றி, பிசின் போலப் படிந்து அத்துளையை அடைக்கும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் குணமுடையது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். சோக்கை இழுத்தால் மட்டும் ஓடுமானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது எனக் கொள்ளலாம். ஜெட்டைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பியும் குண்டூசியும் துளையைப் பெரிதாக்கிவிடும். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் பார்த்த பின்னரே காற்றுத் திருகைத் தொடுங்கள், அதுவும் எஞ்சின் சூடான பிறகு. ஹேண்டிலைத் திருப்பும்போது ஓசை ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விட்டும் ஓசை மெல்ல மெல்லவே இறங்கினால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்றுக் கசிவு உண்டு. வால்வு இடைவெளி பல நூறு சி.சி. வண்டிகளில் 0.05 மில்லிமீட்டரே, அதைக் கைதேர்ந்தவரிடம் விடுக.

எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிட்டால் அது கிளட்ச் ஸ்லிப். லீவரில் ஆட்டமே இல்லாமை, தேய்ந்த தட்டு, எந்நேரமும் லீவரின் மேல் விரலை ஓய்வெடுக்க வைக்கும் வழக்கம் ஆகியன காரணங்கள். மலிவென்று கார் எண்ணெய் ஊற்றுவதும் ஒரு காரணம்; கிளட்ச் அதே எண்ணெயில் முழுகியிருக்கும் வண்டிகளுக்கு டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்று குறித்த எண்ணெயே ஏற்றது. புத்தாண்டில் வண்டிகளை மந்திரிக்கக் கொண்டு வருவோரிடம் எண்ணெய் எப்போது மாற்றியது என்று நான் கேட்பதுண்டு. சிலர் சிரிப்பார்கள். தீர்த்தம் தெளிக்கிறேன், எண்ணெய் அவர்கள் ஊற்றட்டும்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. நம் மாவட்டத்தில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியை உடனே உதைத்துக் கிளப்பக் கூடாது. பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்துவிட வேண்டும். எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் முழுதும் மாற்ற வேண்டும்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே இல்லை. ஐட்லிங்கை மின்னணுக் கருவி கவனிக்கிறது, திருகுவதற்கு இடமில்லை. அவற்றிலும் கியர் போட்டவுடன் அணைகிறது என்று வருகிறார்கள். பலவற்றில் பக்கத் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச் உண்டு. ஏரிக்கரை வழியே வந்த ஓர் இளைஞனின் வண்டியில் அந்த ஸ்டாண்டின் மூட்டு முழுதும் களிமண். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். கியர் போட்டான், போய்விட்டான்.