பொறுமைக்கு மருந்து தடையா?



பேரணாம்பட்டு டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டிகளின் அருகே நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் எங்கள் அத்தா. எந்தக் காயத்திற்கும் வலி மாத்திரை உட்கொண்டதில்லை. அவர்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்ததும், குடியாத்தம் வழியாக வேலூருக்கு அழைத்துச் சென்றோம். வயிற்றில் சிறு துளைகள் மட்டும் இட்டு, ரோபோ கருவியின் துணையோடு சுரப்பியை அகற்றலாம் என்றார்கள். அத்தா இசைந்தார்கள்.

அறுவைக்குப் பின் வலி குறைய வயிற்றின் இருபுறமும் நரம்புத் தடை ஊசி போடலாம் என்று மயக்க மருத்துவர் கூறியபோதுதான் மறுத்தார்கள். "முள் குத்தினாலும் அல்லாஹ் பாவத்தை மன்னிக்கிறான். அந்த வலியை நான் ஏன் தடுக்க வேண்டும்?" கால் துண்டிக்கப்பட்டபோது, அறிவை மயக்கும் பானத்தை மறுத்த உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றையும் நினைவூட்டினார்கள். எங்களுக்கு மறுமொழி தெரியவில்லை. உள்ளூரப் பெருமைகூடக் கொண்டோம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றுச் சுவருக்கு உணர்வூட்டும் நரம்புகள் இரண்டு தசை அடுக்குகளுக்கு இடையே ஓடுகின்றன. ஸ்கேன் கருவியில் பார்த்தபடியே அவ்விடத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். 2001-இல் ரஃபி என்னும் மருத்துவர் எழுதி வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. முதுகுத்தண்டு ஊசியைப் போலக் கால்கள் மரத்துப்போவதில்லை. மார்பின் போன்ற மருந்துகளின் தேவை குறைந்தால், அவற்றால் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் மலச்சிக்கலும் குறையும். வலி மிகுந்தாலோ, நோயாளி ஆழ்ந்து மூச்சிழுக்கவும் எழுந்து நடக்கவும் அஞ்சுவார். நுரையீரலில் சளி தேங்கும், கால்களில் இரத்தம் உறையவும் கூடும்.

அன்றிரவு எங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் தொலைபேசியில் கேட்டோம். "நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான். வலியைத் தேடிக்கொள்வது பொறுமை ஆகாது. வந்ததைத் தாங்குவதே பொறுமை. உர்வா (ரஹ்) அவர்கள் அஞ்சியது அறிவு மயங்குவதை. இந்த ஊசியோ அறிவைத் தெளிவாக வைத்திருக்க உதவுகிறது" என்றார்கள். அத்தா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "போடச் சொல்லுங்கள்" என்றார்கள்.

வலி முற்றிலும் அகன்றது என்று சொல்லமாட்டோம். சிறுநீர்க் குழாயின் எரிச்சலையும், வயிற்றில் நிரப்பிய வாயுவால் தோளில் எழுந்த வலியையும் அந்த ஊசி தடுக்கவில்லை. அவற்றை பாரசிட்டமாலும் திக்ருமாகத் தாங்கினார்கள். ஆயினும் மறுநாள் காலை எங்கள் தோளைப் பற்றி நடந்தார்கள். நிற்க இயலாவிடில் அமர்ந்து தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்பித்தவாறு, குழாய் இருந்த நாள்களில் ஒவ்வொரு வக்துக்கும் ஒளு செய்து, அமர்ந்தே தொழுதார்கள்.

உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு இத்தகைய அறுவை நேர்ந்தால், வலிக்கு என்ன ஏற்பாடு என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மாத்திரைகளையும், ஒவ்வாத மருந்துகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரியவர்கள் மறுத்தால், எங்களைப் போல் பெருமைகொண்டு நின்றுவிடாதீர்கள். அவர்களது அச்சம் எதுவெனக் கேளுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.