நாடி கிடைக்காத கை

நாஞ்சில் நாட்டில் நாடி பார்ப்பது இன்னும் வழக்கொழியவில்லை. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்பது மரபு. தோவாளைப் பக்கத்து ஆசான் ஒருவர் நம் முதுகலை மாணவி ஒருத்தியின் இடக்கை மணிக்கட்டில் விரல் வைத்து நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "பிள்ளைக்க கையில நாடி கிடைக்கல்லியே, பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றாராம். கொடியில் துணி காயப்போடும்போதே கை சோர்ந்துவிடுகிறது என்று சொல்லிவந்தவள் அவள். திருவனந்தபுரத்தில்தான் நோயின் பெயர் தெரிந்தது: தகயாசு தமனியழற்சி.

1908இல் மிகிட்டோ தகயாசு என்னும் ஜப்பானியக் கண் மருத்துவர் 21 வயதுப் பெண்ணொருத்தியின் விழித்திரைக் குருதிநாளங்களில் கண்ட விந்தையை அறிவித்தார். அதே கூட்டத்தில் வேறிருவர், தாம் பார்த்த இத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி தென்படவில்லை என்றனர். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழன்று சுவர் தடிக்க, குருதியின் வழி குறுகுகிறது. பெரும்பாலும் இளம்பெண்களைப் பற்றுவது. 'நாடியற்ற நோய்' என்றே இதற்கு இன்னொரு பெயருண்டு. ஆசான் அப்பெயரைக் கேட்டிருக்க வழியில்லை. அவர் விரல் அறிந்திருந்தது.

இணையத்தில் இருப்பதை வாசித்துப் பெற்றோருக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு நம்மிடம் வந்தது. பாட்டுக்கு உரை சொல்வதைவிடக் கடினமான வேலை. அரிய நோய்களுக்கென 1997இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஆர்ஃபாநெட் நம்பத்தகுந்த களஞ்சியம்தான். எனினும் தாய் கேட்ட கேள்விக்கு அங்கே விடையில்லை: "நம்ம பக்கத்துல வேற யாருக்காவது இது உண்டா சார்?"

அது ஆறுதலுக்காக மட்டும் கேட்ட கேள்வியன்று. ஜப்பானில் இந்நோய் கைக்கும் கழுத்துக்கும் செல்லும் கிளைகளையே மிகுதியும் தாக்குகிறது. இந்திய நோயாளிகளிடமோ வயிற்றுத் தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஆகவே இங்கே பலருக்கு முதலில் தென்படுவது, வயதுக்குப் பொருந்தாத உயர் இரத்த அழுத்தம். நோயாளிகளை எண்ணி எழுதிவைத்ததால் அன்றோ இவ்வேறுபாடு புலப்பட்டது! இந்திய மருத்துவர்கள் கூடி 'இட்டாஸ் 2010' என்றொரு மதிப்பீட்டுப் படிவமே உருவாக்கினர். 44 வினாக்கள், கடந்த மூன்று மாதங்களில் புதிதாக வந்ததையோ மோசமானதையோ மட்டும் குறிக்க வேண்டும். நோய் அடங்கியிருக்கிறதா, கனன்றுகொண்டிருக்கிறதா என்று அறிய அது உதவுகிறது.

பதிவேட்டின் அருமையை நாஞ்சில் நாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் இல்லையெனில் நம் ஊர்ச் சரித்திரத்தில் பாதி இருண்டிருக்கும். அவை காவியமல்ல, ஆவணங்களும் கணக்குகளும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் அரிய நோய்களுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. ஆனால் 'பரம்பரைக் கோளாறுகள்' என்ற சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. தகயாசு போன்ற அழற்சி நோய்களின் கணக்கைப் பெரிதும் தனித்தனி மருத்துவமனைகளே பேணுகின்றன.

அவளுடைய விவரங்களையும் அவ்வாறு சேர்க்க மருத்துவர் இசைவு கேட்டார். தந்தை மறுத்தார். "கெட்டிக் கொடுக்க வேண்டிய பிள்ளை, எழுத்துல ஒண்ணும் வேண்டாம்." ஆய்வில் பெயருக்குப் பதில் எண்தான் இருக்கும் என்று நாம் எடுத்துரைத்தும் அவர் இளகவில்லை. அந்த அச்சத்தைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. பெண் பார்க்க வருபவர்கள் மாத்திரைப் பட்டியலை விசாரிக்கும் ஊர் இது.

மாணவிக்கு 22 வயது. படிவத்தை வாங்கி இருமுறை வாசித்தாள்; எந்நேரமும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியைத் தந்தைக்குத் தமிழில் சொன்னாள். அவர் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவள் கையொப்பமிட்டாள்.