பேர் போச்சு, நம்பர் போகலை

லேப் சர்வரோட ரூட் பாஸ்வேர்டு என் கைக்கு வந்த முதல் வாரம். படிப்பு முடிச்சுப் போன சீனியரோட கணக்கை 'யூசர்டெல்' போட்டுத் தூக்கினேன். பொது ஃபோல்டர்ல இருந்த அவரோட ப்ராஜெக்ட் ஃபைல்கள்ல, உரிமையாளர் பேருக்குப் பதிலா 1007னு காட்டுச்சு. லினக்ஸ் ஃபைலோட எழுதி வைக்கிறது பேரை இல்லைங்க, எண்ணைத்தான். சரின்னு விட்டுட்டேன்.

மறுநாள் 'யூசர்ஆட்' போட்டு ஒரு ஜூனியரைச் சேர்த்தேன். இருந்ததுல பெரிய எண் 1006. அதனால அவனுக்கு வந்தது அதே 1007!

"அண்ணா, ஏதோ ஃபைலெல்லாம் என் பேர்ல இருக்கே, அழிச்சிடவா?"

(கேட்டானே, புண்ணியவான்!) அலறியடிச்சு 'சௌன்' போட்டு எல்லாத்தையும் ரூட் பேருக்கு மாத்தினேன்.

இப்பல்லாம் யார் கணக்கையும் நீக்கறதில்லை. 'யூசர்மாட்'ல பாஸ்வேர்டைப் பூட்டி, காலாவதித் தேதியும் போட்டுடறேன். எண் அவங்ககிட்டயே இருக்கட்டும்.