கட்டிலுக்கு அடியில் ஒளியாதே



மதீனாவில் ஓர் இரவு, ஒரு வீடு உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோனது. அச்செய்தி எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என்றும், உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா (ரலி) வழியாகப் புகாரியில் இது பதிவாகியுள்ளது. ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் காரணமும் வருகிறது: விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும்.

நம் பிள்ளைகளோ நெருப்பு என்றதும் நரகத்தைத்தான் நினைக்கிறார்கள். அந்த அச்சம் ஈமானைச் சார்ந்தது. அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் சமையலறை நெருப்புக்கும் அச்சத்தை மட்டுமே பாடமாக்கினால் என்ன விளையும் என்பதை, குரோம்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அஸருக்குப் பின் குர்ஆன் ஓத வரும் சிறுவர்களிடம் கண்டேன்.

"வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "தண்ணி ஊத்துவேன்" என்றான் ஒருவன். "உம்மாவைக் கூப்பிடுவேன்" என்றாள் ஒருத்தி. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், "கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவேன்" என்றான். ஏன் என்றேன். "நான்தான் பத்த வச்சேன்னு அத்தா அடிப்பாங்கல்ல?"

அவன் சொன்னது வேடிக்கையன்று. தீயணைப்பு வீரர்கள் எரியும் வீட்டில் சிறு பிள்ளைகளைத் தேடும்போது கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் பார்ப்பது இதனால்தான். அஞ்சிய பிள்ளை ஓடுவதில்லை, ஒளிகிறது. தீக்குச்சியைத் தொட்ட குற்றமும் சேர்ந்துகொண்டால், கூப்பிடும் குரலுக்குக்கூடப் பதில் தராது. ஆகவே பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது ஒரு வாக்குறுதியை: தீயைப் பற்றி ஓடிவந்து சொல்லும் பிள்ளைக்கு, யார் பற்றவைத்திருந்தாலும், அன்று அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. "பயம் விட்டுப்போகுமே, உஸ்தாத்பி" என்றார் ஒரு தகப்பனார். தீப்பெட்டியையும் லைட்டரையும் எட்டாத உயரத்தில் வையுங்கள், பயத்தின் வேலையை உயரம் செய்யும் என்றேன்.

ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து ஒரு விளையாட்டையும் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் இரவில் படுக்குமுன் வீட்டைச் சுற்றிவந்து, இன்று எலி எதை இழுக்கும் என்று தேட வேண்டும். திரைச்சீலை ஓரம் புகையும் கொசுவத்தி, தலையணைக்கு அடியில் சார்ஜ் ஏறும் செல்பேசி, ஜும்ஆவுக்குச் சாம்பிராணி போட்டபின் சாம்பலுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் கரித்துண்டு. கண்டால் தொடக்கூடாது, பெரியவரிடம் சொல்ல வேண்டும். ரமலானில் இந்த வேட்டை இன்னும் தேவை. ஸஹருக்கு அரைத்தூக்கத்தில் அடுப்பை மூட்டிவிட்டு மீண்டும் கண் அயர்வோர் நம் வீடுகளில் உண்டு.

2004 ஜூலை 16, ஒரு வெள்ளிக்கிழமை. கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளைக் கொன்றது. நெரிசலான வகுப்பு, குறுகிய வழி. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் மாண்டனர். பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். இவ்விரண்டையும் பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. பெற்றோரிடம் சொல்கிறேன். ஏனெனில் நம் அடுக்கக வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே இரும்பு கிரில், அதற்கொரு பூட்டு, அதன் சாவி தகப்பனாரின் சட்டைப்பையில். திருடனுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு வீட்டாரையும் அடைத்துவைக்கும். பிள்ளை உள்ளே இருக்கும் வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போவதும் வேண்டாம். இரவில் சாவி கதவருகே ஓர் ஆணியில் தொங்கட்டும். அந்த ஆணி எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மற்றவை எளியவை. புகை மேலே ஏறும். ஆகவே தவழ்ந்து போ. உடையில் தீப்பற்றினால் ஓடாதே. நில், படு, முகத்தைக் கையால் மூடி உருள். (துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உருண்டு பழகுவதில் அன்று ஒரே கும்மாளம்.) கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வா, அதற்கான எண் 1906. தீக்கு 101 அல்லது 112. ராதா நகர் என்று மட்டும் சொன்னால் வண்டி வந்து சேராது. தெருவும் கதவு எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாக வேண்டும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசையும் இட்லி மாவும் கூடாது. தண்ணீர் ஊற்றுவேன் என்றவனிடம், தீயை அணைப்பது அவன் வேலையன்று என்றேன். எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் பட்டால் தீ சீறி எழும். அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுவது பெரியவர்கள் பாடு.

எதையும் எடுக்க உள்ளே திரும்பாதே என்றபோது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "குர்ஆன் உள்ளே இருக்கே, உஸ்தாத்பி?" சிறுவர்கள் அனைவரும் என்னைப் பார்த்தார்கள். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் நோக்கங்களுள் ஒன்று என்றேன். அச்சிட்ட பிரதி எரிந்தாலும் ஹாஃபிழ்களின் நெஞ்சில் குர்ஆன் இருக்கிறது. ஆனால் நீ ஒருத்திதான் இருக்கிறாய் என்றேன். அவள் சற்று யோசித்து, "அப்ப பூனை?" என்றாள். பூனை உனக்கு முன்னே ஓடிவிடும் என்று சொல்லிவைத்தேன்.

சென்ற வாரம் பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். எல்லோரும் வெளியேறி, எதிர்ப்புறப் புங்கமரத்தடியில் கூடித் தலை எண்ண வேண்டும். மரத்தடிக்கு எல்லோரும் வந்து சேர்ந்தனர், அல்ஹம்துலில்லாஹ். படிக்கட்டின் கீழ் நிறுத்திய வண்டிகளிடையே மட்டும் ஒவ்வொருவராக நுழைந்து வர வேண்டியிருந்தது. குடியிருப்போரிடம் பேசினோம், இரண்டு வண்டிகள் அகன்றுவிட்டன, மூன்றாவது இன்னும் அங்கேயே நிற்கிறது.