இரண்டு அங்குலம் தாராளமாக

ஜூன் மாதத்து முதல் வாரத்தில் ஆரணியின் எந்தத் தையற்கடை வாசலில் நின்றாலும் ஒரே வசனம்தான் காதில் விழும்: "வளர்ற பிள்ளை, ரெண்டு இஞ்ச் தாராளமா விடுங்க." எங்கள் மகளுக்காக நாங்களும் ஆண்டு தவறாமல் அதைச் சொல்லி வந்திருக்கிறோம். சீருடை ஜூனில் தொளதொளக்கும், டிசம்பரில் பொருந்தும், மார்ச்சில் கணுக்காலைக் காட்டும். பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சின்ன அறிவை, அவளுக்கு அலைச்சறுக்குப் பலகை வாங்கப் போன அன்று நாங்கள் எப்படித் தொலைத்தோம் என்பதுதான் சங்கதி.

பட்டுத்தறி ஊருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு தொடர்பும் இல்லை. எங்கள் ஊரில் இருப்பது கமண்டல நாகநதி. அதிலும் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடும். அவளுடைய சித்தி மாமல்லபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். செய்யாறு, காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பேருந்து மாறி மாறிப் போய், ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். 2023 மே மாதத்தில் அப்படி விட்டு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இரண்டு வாரம் கழித்து அழைத்துவரப் போனோம். தோல் கறுத்து, முடி செம்பட்டையாகி, ஏழடி நீளமுள்ள மெத்துப் பலகை ஒன்றின்மேல் நின்றபடி கரையை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கரையில் அது அதிசயக் காட்சியல்ல. கோவளத்து மீனவரான மூர்த்தி மேகவன் போன்றவர்களின் முயற்சியால் அலைச்சறுக்கு அந்தக் குப்பங்களின் பிள்ளைகளுக்குப் பழகிய ஆட்டமாகிவிட்டது. 2013 முதல் கோவளத்தில் அதற்கு விழாவே எடுத்தார்கள். கட்டுமரத்தில் அலை தாண்டிப் பழகிய வம்சத்துக்குப் பலகை பெரிய விஷயமா என்ன? சங்கப் பாடல்களின் புனலாட்டுகளில் மகளிர் பற்றிக்கொண்டு மிதக்கும் 'புணை'யை வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம் மூங்கிலையோ வாழைத்தண்டையோ மனத்தில் வரைந்துகொண்டிருந்தோம். இப்போது அந்த இடத்தில் நீலநிற மெத்துப் பலகைதான் வந்து நிற்கிறது. மாணவர்களிடம் இதைச் சொல்வதில்லை.

அடுத்த கோடையில், அதாவது 2024-இல், அவள் உடைந்து நுரைத்து வரும் அலையை விட்டுவிட்டு, உடையாமல் எழும் பச்சை அலையைத் தானாகவே துடுப்புக்கை போட்டுப் பிடிக்க ஆரம்பித்தாள். பிடித்து நேராகக் கரைக்கு வராமல், அலையின் முகத்தோடு பக்கவாட்டில் ஓடவும் செய்தாள். கற்றுக்கொடுக்கும் தம்பி, "இனிமே பாப்பாவுக்கு வேற போர்டு பாக்கலாம் சார், அவசரமில்ல" என்றார். எங்களுக்கு அந்த வாக்கியத்தின் முற்பாதி மட்டுமே கேட்டது.

இணையத்தில் தேடத் தொடங்கினோம். 'ஸ்டெப்-அப்' என்ற சொல் அகப்பட்டது. ஒரு படி மேலே என்று பொருள் கொண்டோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போவது மாதிரி. எங்களில் தமிழ் கற்பிப்பவர் சொல்லின் வழக்குப்பொருளைப் பார்க்காமல் பகுதிப்பொருளை மட்டும் பார்த்தார். இதே பிழையைச் செய்யும் மாணவனுக்கு அவர் மதிப்பெண் குறைப்பது வழக்கம். அலைச்சறுக்குக்காரர்கள் பேச்சில் ஸ்டெப்-அப் என்றால், ஏற்கெனவே குட்டைப் பலகையில் தேர்ந்தவர் பெரிய அலைகளுக்கென்று எடுத்துச் செல்வது. வழக்கமான பலகையைவிடச் சற்று நீளமாக, ஒடுக்கமாக, கூர்நுனியோடு இருக்கும். மேலே ஏறுவது அலைதான், பிள்ளையின் வகுப்பு அல்ல. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 'சிறுவர் ஸ்டெப்-அப்' என்று ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த பலகையைப் படத்தில் பார்த்தே முன்பணம் அனுப்பினோம். விற்றவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவுகளைச் சரியாகவே எழுதியிருந்தார்: 5 அடி 2 அங்குல நீளம், 17 அங்குல அகலம், 21 லிட்டர். லிட்டர் எதற்கு என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். பலகையின் கொள்ளளவு அது. எத்தனை லிட்டரோ, முழுக்க அமிழ்ந்தால் அத்தனை கிலோ நீரை அது விலக்கும். அந்த நீரின் எடைதான் மேலே படுத்திருப்பவரைத் தாங்குகிறது. எங்கள் மகளின் எடை அப்போது 30 கிலோ. அவள் பழகிய ஏழடிப் பலகை அவளை மெத்தைபோல ஏந்திக்கொண்டிருந்தது. புதியது அவள் படுத்தவுடன் நெஞ்சுக்குக் கீழே நழுவி அமிழ்ந்தது. அமிழ்ந்த பலகை வேகம் எடுக்காது. வேகம் இல்லாதவர் அலையைத் தொடக்கத்திலேயே பிடிக்க முடியாது. அலை செங்குத்தாக நிமிர்ந்து கவிழப் போகும் கடைசி நொடியில்தான் பிடிபடும். எழுந்து நிற்பதற்குள் பலகையின் மூக்கு நீரில் குத்தும். தேர்ந்தவர்கள் இவ்வளவையும் தாண்டி அந்தச் சிறிய பலகையைச் சாட்டைபோல் திருப்புகிறார்கள். பிள்ளைக்குத் திருப்புவதற்கு முன்னால் நிற்க வேண்டுமே.

மூன்று நாளில் நாற்பது முறையாவது குத்தி விழுந்திருப்பாள். நாங்கள் கரையில் நின்று "இன்னொரு தடவை" என்று கத்திக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் காலை அவள் எழவில்லை. வயிறு வலிக்கிறது என்றாள். ஐந்தாம் நாளும் வலித்தது. ஆறாம் நாள் சித்தியிடம் மட்டும் ரகசியமாக, "எனக்குத் தெரிஞ்சது மறந்துபோச்சு சித்தி" என்று சொல்லியிருக்கிறாள். விழுந்த அடியைவிட அந்த வாக்கியம் எங்களை அதிகம் வருத்தியது. ஒரு வருடத்தில் அவளாகத் தேடிக்கொண்ட ஒன்றை நாங்கள் பணம் கொடுத்துப் பறித்திருந்தோம்.

பலகை ஆரணிக்கு வந்து சேர்ந்தது. அரிசி ஏற்றப் போன சிற்றுந்து ஒன்றின் மேல் கட்டிக் கொண்டுவந்தோம். தெருவில் பார்த்தவர்கள், இஸ்திரி போடுகிற பலகையா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்தது. தறியறையில் சுவரோரம் சாய்த்து வைத்தோம்.

அந்த அறை தாத்தாவுடையது. எழுபதைத் தாண்டியவர், இன்னும் குழித்தறியில் உட்கார்கிறார். ஏற்றி இறக்கியதில் பலகையின் ஓரத்தில் ஒரு இடம் இடிபட்டு, மேற்பூச்சு பெயர்ந்து, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே வெகுநேரம் பார்த்தவர், "இது நெய்தது" என்றார். நாங்கள் நம்பவில்லை. நகத்தால் ஓர் இழையை நெம்பிக் காட்டினார். "இது பாவு, இது ஊடை. சாதா நெசவுதான். நூல்தான் என்னன்னு தெரியல."

அவர் சொன்னது உண்மை. உள்ளே இருக்கும் நுரைக்கட்டியின்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி, அதில் பிசினை ஊற்றி இறுக வைப்பதுதான் வன்பலகையின் உடல். துணியைச் சதுர கஜத்துக்கு 4 அவுன்ஸ், 6 அவுன்ஸ் என்று எடை போட்டே வாங்குகிறார்கள். எடை கூடினால் உறுதி கூடும், கனமும் கூடும். காஞ்சிப் பட்டைவிட எங்கள் ஊர்ப் பட்டு எடை குறைந்தது, விலையும் குறைந்தது, எனவே நாள்தோறும் கட்டலாம் என்று சொல்லியே விற்றுப் பழகிய தாத்தாவுக்கு இதை விளக்க இரண்டு வாக்கியம்கூடத் தேவைப்படவில்லை.

"பிள்ளை ஏன் போகமாட்டேங்குது?" என்று கேட்டார். சொன்னோம். கேட்டுவிட்டு, தறிக்குழிக்குள் காலை விட்டுக் காட்டினார். பத்து வயதில் மாமன் வீட்டுத் தறியில் கோர்வைக் கரைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து நாடா தள்ளியிருக்கிறார். பன்னிரண்டில் தறியே அவர் கைக்கு வந்தது. மிதிக்குக் கால் எட்டவில்லை. மிதியின்மேல் கட்டைத்துண்டு வைத்துக் கட்டினார்கள். அப்படியும் இடுப்பை நகர்த்தி நகர்த்தி மிதிக்க வேண்டியிருந்தது. அந்த இடுப்புவலி இன்னும் இருக்கிறது. "தறிய யாரும் சின்னதாக்கல. நாந்தான் எட்டிப் பழகினேன். அன்னைக்கு வேற வழியில்ல." கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

பதில் இருந்தது, சொல்லக் கூச்சமாக இருந்தது. உடை, செருப்பு, மிதிவண்டி எல்லாவற்றிலும் பெரியதுதான் அடுத்த படி. இந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் தேர்ச்சி கூடக் கூடப் பலகை குறைந்துகொண்டே போகிறது. ஆகவே சின்னப் பலகை எங்களுக்கு டபுள் புரமோஷனாகத் தெரிந்தது. கரையில் நின்ற மற்றப் பெற்றோர் அதைப் பார்ப்பதும் தெரிந்தது.

அந்த ஆண்டுக் காலாண்டு விடுமுறைக்கு மீண்டும் மாமல்லபுரம் போனோம். தாத்தாவும் வந்தார். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் குழம்பிப் பிள்ளைகளுக்கு ஆகாது. செப்டம்பர்க் கடைசியில் இன்னும் ஒழுங்கான அலை இருக்கும். இம்முறை வாய்மூடி, தம்பி சொன்னதைக் கேட்டோம். அவர் பலகையை எடுப்பதற்கு முன் பிள்ளையை அளந்தார். கொட்டகையிலிருந்த மூன்று பலகைகளில் அவளைப் படுக்கவைத்து, இரு கைகளும் பக்கவாட்டில் தரையைத் தொடுகின்றனவா என்று பார்த்தார். அகலம் கூடினால் நிலைப்பு கூடும், ஆனால் பிள்ளையின் குட்டைக்கை நீரை எட்டாது. அப்புறம் ஒவ்வொன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் நடக்கச் சொன்னார். தானே தூக்க முடியாத பலகை அப்பாவுடைய பலகையாகிவிடும் என்பது அவர் கட்சி.

தேறியது 6 அடி 2 அங்குலம். அகலம் இருபதரை, கனம் இரண்டரை, 37 லிட்டர். மூக்கு கூராக இல்லாமல் உருண்டிருந்தது. முன்வளைவும் குறைவு. தட்டையான பலகை சீக்கிரம் வழுக்கத் தொடங்கும். ஏழடியிலிருந்து பத்து அங்குலம்தான் இறக்கம். "ஒரு அடிக்கு மேல ஒரேயடியா குறைக்காதீங்க" என்றார். துடுப்புகள் மட்டும் ஓரம் மழுங்கிய ரப்பர் வகையாக மாற்றப்பட்டன. வன்பலகையின் துடுப்பு காலைக் கிழித்துவிடும். பழைய பலகைதான். ஊர் மாறிப் போன ஒரு குடும்பம் விட்டுச் சென்றது, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. புதியதற்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பலகையை அவள் பார்வையில் படும்படி வைத்துவிட்டு, நாங்கள் கடற்கரைக் கோயில் பக்கம் நடந்து போய்விட்டோம். தம்பியின் கட்டளை அது: "நீங்க ரெண்டு பேரும் நிக்காதீங்க." திரும்பி வந்தபோது நனைந்திருந்தாள். நின்றாளா என்று கேட்க நா துடித்தது, கேட்கவில்லை. தாத்தாதான் சொன்னார், நாலு தடவை என்று.

2025 ஆகஸ்டில் அதே கரையில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புடிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் அங்கே பதக்கம் பெற்றது அதுவே முதல் முறை. கூட்டத்தில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்த மகள், அவருடைய பலகை எத்தனை லிட்டர் என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியவில்லை.

ஐந்தடிப் பலகை இன்னும் தறியறையில்தான் இருக்கிறது, பழைய புடவையொன்றில் சுற்றியபடி. விற்றுவிடலாம் என்றோம். தாத்தா அதைப் பிரித்து, அவள் பக்கத்தில் நிறுத்திச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, "இன்னும் நாலு விரக்கடை வளரட்டும்" என்று மறுபடி சுற்றி வைத்துவிட்டார்.