எட்டுக் கழுந்துகள்

மேசை என்றால் ஒரு பலகையும் நாலு காலும் என்றே பலரும் நினைக்கிறார்கள். பலகை வெறும் மூடிதான். மேசையை மேசையாக நிறுத்தி வைத்திருப்பது காலும் சட்டமும் சந்திக்கிற மூலை. நாலு கால்கள், அவற்றை இணைக்க நாலு சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு நுனிகள். ஆக எட்டு மூட்டுகள். இந்த எட்டும் இறுக்கமாக இருந்தால் மேசை எங்களுக்குப் பிறகும் நிற்கும். ஒன்று தளர்ந்தாலும் கறிக்கோப்பை ஆடும்.

ஸ்காபரோவில் நாங்கள் மூவர் வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் வீட்டில் இதுவரை மூன்று மேசைகள் ஆடி முடிந்துவிட்டன. மூன்றும் கடையில் பெட்டியாக வாங்கி, பெட்டிக்குள் இருந்த சாவியால் நாங்களே பூட்டியவை. அழுத்திய மரத்தூளில் திருகாணி எத்தனை காலத்துக்குப் பிடிக்கும்? ஒருதரம் கழன்றால் அதே துளையில் அதற்கு இரண்டாவது பிடி கிடையாது. மூவரும் மூன்று உணவகங்களின் குசினிகளில் வேலை செய்கிறோம். மூன்று நேரங்களில் வீடு வருகிறோம். திங்கட்கிழமை மட்டும் மூவருக்கும் ஓய்வு. அந்த ஒரு நாளாவது ஒன்றாக இருந்து சாப்பிட ஆடாத மேசை ஒன்று வேண்டும் என்ற பேச்சில் தொடங்கியதுதான் இந்த வேலை.

மாதச் சந்தா கட்டினால் யாரும் போய் வேலை செய்யக்கூடிய பட்டறை ஒன்று இருக்கிறது. பாதுகாப்பு வகுப்புக்கு ஒருநாள் போய் வந்தால் யந்திரங்களைத் தொட விடுவார்கள். மரமும் மலிவாகக் கிடைத்தது, ஆஷ் மரம். சரக்குப் பெட்டிகளின் பலகைகளோடு ஆசியாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ஒரு பச்சை வண்டு, 2002 இல் ஒன்ராறியோவின் வின்ட்சர் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 2007 இல் அது ரொறொன்ரோவிலும் இருப்பது தெரிந்தது. பிறகு இந்த நகரத்து ஆஷ் மரங்கள் ஆயிரக்கணக்கில் பட்டுப்போயின. வண்டின் புழு தின்பது பட்டைக்கு அடியைத்தான்; உள்மரத்துக்குக் கேடில்லை. ஆசியாவிலிருந்து களவாக வந்து இறங்கிய வண்டு தின்ற மரத்தில் நாங்கள் மேசை செய்வது பொருத்தம்தான் என்று எங்களில் இளையவர் சிரித்தார்.

மூட்டு இதுதான். காலில் ஒரு நீள்சதுரத் துளை. சட்டத்தின் நுனியை இரு பக்கமும் அரிந்து மெலிதாக்கி, அந்தத் துளைக்குள் போகத்தக்க ஒரு நாக்கு. இந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். ஊரில் கதவு நிலைகளை இப்படித்தான் பூட்டினார்கள். 2008 இலும் 2009 இலும் வன்னியில் சனங்கள் ஓடியபோது கூரைத் தகரத்தோடு கதவையும் நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனதை எங்களில் இருவர் கண்டிருக்கிறோம். மர ஆணியைத் தட்டி எடுத்தால் நிலை நாலு துண்டாகக் கழன்றுவிடும். போன இடத்தில் திரும்பப் பூட்டலாம். திருகாணி மேசையை அப்படி மூன்றுதரம் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

கழுந்தைக் கைவாளாலும் அரியலாம். ஆனால் எட்டுக் கழுந்தும் ஒரே தடிப்பில் வரவேண்டும். ஒரு கழுந்துக்கு முகத்தில் இரண்டு வெட்டு, தோளில் இரண்டு வெட்டு. எட்டுக்கு முப்பத்திரண்டு. பழகாத கைக்கு இது பெரிய கணக்கு. அதனால்தான் மேசைவாள்.

மேசைவாள் என்பது இரும்பு மேசை ஒன்றின் நடுவே வட்ட அலகு ஒன்று எழும்பிச் சுற்றுகிற யந்திரம். மரத்தை நாங்கள்தான் அலகுக்குத் தள்ளவேண்டும். அதிலேதான் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த அலகில் பட்டுக் காயமடைகிறார்கள் என்று அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு கணக்குச் சொல்லி வந்திருக்கிறது. பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற சட்டத்தரணியான ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர், தோல் பட்டவுடன் மின்சார மாற்றத்தை உணர்ந்து சில மில்லிசெக்கன்களுக்குள் அலகை நிறுத்துகிற பொறி ஒன்றைக் கண்டுபிடித்தார். சொசேஜைத் தள்ளிக் காட்டி, பிறகு தன் விரலையே வைத்துக் காட்டியவர் அவர். எங்கள் பட்டறையில் இருப்பது அந்த வகை வாள் அல்ல.

குசினியில் வேலை செய்பவனிடம் விற்பதற்கு இருப்பது இரண்டு கைகள். ஒரு விரலில் தையல் போட்டால் இரண்டு கிழமைக்கு வெங்காயம் வெட்ட முடியாது, கோப்பை கழுவவும் முடியாது. வாடகைக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் அந்த இரண்டு கிழமை பதில் சொல்லாது. எனவே வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒன்றை நாங்கள் மூவரும் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்: நிமிர்த்திப் பிடித்த மரத்தை ஒருபோதும் வெறுங்கையால் அலகுக்குத் தள்ளாதே.

கழுந்தின் முகத்தை அரிய மரத்தை நிமிர்த்தித்தான் ஆகவேண்டும். அங்கேதான் ரெனனிங் ஜிக் வருகிறது. நாங்கள் அதற்குக் கழுந்துத் தாங்கி என்று பெயர் வைத்தோம். வார்ப்பிரும்பாலான பாரமான சாமான். அடியில் ஓர் இரும்புத் தண்டு; வாள் மேசையில் அலகுக்குச் சமாந்தரமாக ஓடும் தவாளிப்புக்குள் அது இறங்கி வழுக்கும். மேலே செங்குத்தான முகம். பின்னால் மரம் சாய்ந்துவிடாமல் ஒரு நிறுத்தி. மரத்தை முகத்தோடு நெரிக்க ஒரு திருகுப்பிடி. ஒரு குமிழைத் திருகினால் முகம் அலகை நோக்கி மயிரிழை மயிரிழையாக நகரும். குசினியில் உருளைக்கிழங்கை மெல்லிய தாளாகச் சீவும் அலகுப் பலகையில் கிழங்கைக் குத்திப் பிடிக்க ஒரு பிடி தருவார்களே, அவசரத்தில் பலர் அதை எறிந்துவிட்டுக் கையால் சீவி விரல்நுனியைக் கொடுப்பார்களே, அந்தப் பிடியின் அண்ணன் இது.

அதை வாளில் பொருத்த ஒரு முழு மணித்தியாலம் போனது. முதலில் மின்சார வயரைக் கழற்றினோம். அலகு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். பிறகு தாங்கியின் முகத்துக்கும் அதே சோதனை. முகம் அரைப் பாகை சரிந்தால் கழுந்தும் சரியும், மேசைக்கால் கோணும். அடுத்தது, முகம் அலகுக்குச் சமாந்தரமா என்பது. அலகின் ஒரே பல்லை முன்னுக்குக் கொண்டுவந்து அளந்து, அதே பல்லைப் பின்னுக்குத் திருப்பி அளக்கவேண்டும். வேறு வேறு பற்களில் அளந்தால் அளப்பது பற்களின் கோணலைத்தான். தண்டு தவாளிப்புக்குள் பக்கவாட்டில் ஆடுகிறதா என்றும் பார்த்தோம். அலகு சுற்றும்போது அந்த ஆட்டம் அப்படியே மரத்தில் எழுதப்படும்.

எங்கள் சட்டத்தின் தடிப்பு முக்கால் அங்குலம். கழுந்து மூன்றில் ஒரு பங்கு, கால் அங்குலம். இருபக்கமும் கால் அங்குலம் போகவேண்டும். தாங்கியின் முகத்திலிருந்து, அதை நோக்கிச் சாய்ந்த பல்லின் நுனிவரை அரை அங்குலம் வைத்தோம். ஒரு முகத்தை அரிந்து, மரத்தைத் திருப்பிப் பிடித்து மறுமுகத்தை அதே வைப்பில் அரிவது. அப்போது கழுந்து தானாகவே நடுவில் வந்து நிற்கும். இன்னொரு நன்மை, கழிவுத் துண்டு எப்போதும் தாங்கிக்கு வெளிப்பக்கம் விழும். அலகுக்கும் தாங்கிக்கும் இடையில் துண்டு சிக்கினால் அது தோட்டா மாதிரித் திரும்பி வரும்.

பேராதனையில் பொறியியல் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுபோனவர் எங்களில் ஒருவர். இதில் ஒரு கணக்கு இருப்பதைக் கண்டவர் அவர்தான். இருபக்கமும் ஒரே வைப்பில் வெட்டுவதால் எந்த மாற்றமும் இருமடங்காகும். கழுந்து ஒரு தாளின் தடிப்பு மெலிய வேண்டும் என்று முகத்தை ஒரு தாள் தடிப்பு நகர்த்தினால் கழுந்து இரண்டு தாள் மெலிந்துவிடும். பரீட்சைத் துண்டு துளைக்குள் போக மறுத்தபோது நாங்கள் குமிழைத் தொடவில்லை. சட்டைப் பைக்குள் கிடந்த, குசினியில் ஓடர் அச்சாகி வரும் சீட்டு ஒன்றைக் கிழித்து மரத்துக்கும் முகத்துக்கும் இடையில் வைத்து மீண்டும் அரிந்தோம். அது போதுமாக இருந்தது.

துளைகளை முன்பே எடுத்தாகிவிட்டது. துளையின் அகலத்தை உளி தீர்மானிக்கிறது, அதை மாற்ற முடியாது. கழுந்தைத்தான் துளைக்கு ஏற்ப மெலிய வைக்கலாம். இதைச் சொன்னவர் எங்களில் மூத்தவர். எட்டுத் துளைகளையும் கால் அங்குல உளியாலும் கொட்டாப்புளியாலும் எடுத்தவரும் அவரே. நாங்கள் ஒன்றை எடுக்கும் நேரத்தில் அவர் மூன்று எடுத்தார். உளியைப் பிடித்த விதம் பழகிய கையின் விதம். "அண்ணை, எங்கை பழகினனீங்கள்?" என்று இளையவர் கேட்டார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. மரத்தூளை ஊதிவிட்டு, "அப்பா தச்சு வேலை செய்தவர்" என்றார்.

பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். ஒரே பானையில் சோறு தின்றிருக்கிறோம். அவர் இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வேண்டிய அவசியம் எங்களுக்கு இருக்கவில்லை. எங்கள் ஊர்களில் வீட்டு நிலையைச் செதுக்கித் தந்தவரைப் பேரனின் வயதுப் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் செய்த கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அவரை விறாந்தையோடு அனுப்பினார்கள். இங்கே வந்தும் புதியவர் ஒருவரைக் கண்டால், எந்த ஊர், எந்தக் கோயிலடி, யாருடைய பகுதி என்று கேள்வி மெல்ல மெல்ல எங்கே போய் முடிகிறது என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். மூவரும் கோப்பை கழுவித்தான் வாழ்கிறோம். ஆனாலும் அந்தக் கேள்வி விமானம் ஏறி வந்துவிட்டது.

தச்சனின் திறமை பரம்பரையாக இரத்தத்தில் வருவது என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். புகழ்வது போலிருக்கும். உண்மையில் அது கதவைச் சாத்துகிற பேச்சு. நீ அதைச் செய், நாங்கள் இதைச் செய்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

தாங்கியைப் பார்த்து மூத்தவர் வேறொன்று சொன்னார். "இதிலை புதுசா ஒண்டுமில்லை. அப்பாவிட்டையும் இது இருந்தது." அவர் தகப்பனிடம் இருந்தது ஆணி பதித்த ஒரு சிறு கட்டை. உளியின் அகலத்துக்கு அந்த ஆணியை ஒருதரம் வைத்துவிட்டால் எல்லாச் சட்டத்துக்கும் அதனாலேயே கோடு கீறுவாராம். வேலை முடியும்வரை ஆணியை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அடிதான். "ஒண்டை அளந்து மற்றதை அளந்தால் இரண்டும் இரண்டாத்தான் வரும். ஒருக்கா வைச்சிட்டு எல்லாத்தையும் அதாலை செய்யவேணும்."

இதைத்தானே நாங்களும் ஒரு மணித்தியாலமாகச் செய்துகொண்டிருந்தோம்! பரம்பரை இரத்தம் என்று சொல்லப்பட்டதில் பாதி ஓர் ஆணிக்கட்டையில் இருந்திருக்கிறது. காட்டித் தந்தால் எவருக்கும் விளங்குகிற ஒன்று. மீதிப் பாதி பழக்கம். அது கண்ணுக்கும் கைக்கும் நாட்பட வருவது. அதற்கும் சாதி இல்லை, வருடங்கள்தான் இருக்கின்றன.

பதினாறு தோள் வெட்டுகளையும் மரத்தைக் கிடத்தி முதலில் முடித்தோம். பிறகு தாங்கியில் நிமிர்த்தி, பதினாறு முக வெட்டுகள். நீளச் சட்டம் மூன்றரை அடி. நிமிர்ந்தபோது எங்கள் தலைக்கு மேலே போனது. பிடியை இரண்டுதரம் நெரித்துப் பார்த்துவிட்டு, அலகின் நேருக்கு நிற்காமல் பக்கத்தில் நின்று, இரண்டு கையும் தாங்கியின் பிடிகளில் இருக்க மெதுவாகத் தள்ளினோம். அலகு நிற்கும்வரை யாரும் மரத்தைத் தொடவில்லை. ஒருவர் தள்ள, ஒருவர் துண்டுகளை எண்ண, மூத்தவர் ஒவ்வொன்றையும் துளையில் வைத்துப் பார்த்தார். கையால் அழுத்தினால் போகவேண்டும். தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இறுக்கம் இறுக்கமல்ல, பசைக்கு இடமில்லாமல் போய்விடும் என்றார். எட்டில் ஆறு அப்படியே போயின. இரண்டை அவர் உளியை மல்லாத்திப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒரு தோல் அளவு சீவினார். அந்தச் சீவலை எந்தத் தாங்கியும் செய்யாது.

அடுத்தது கதிரைகள். கதிரையின் பக்கச் சட்டங்கள் நேரானவை அல்ல. முன்பக்கம் அகன்று பின்பக்கம் ஒடுங்குவதால் கழுந்தும் சற்றுச் சரிந்து நிற்கவேண்டும். தாங்கியின் முகத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றை ஒட்டி மரத்தைச் சாய்த்து வெட்டலாம் என்று பொறியியல்காரர் கடதாசியில் கீறி வைத்திருக்கிறார். ஆப்பைத் தான் சீவித் தருவதாக மூத்தவர் சொல்லியிருக்கிறார். நாலு கதிரைக்கு மரம் இருக்கிறது. வீட்டில் நாங்கள் மூவர்தான். நாலாவது, வருகிறவருக்கு. அவர் எந்தப் பகுதி என்று கேட்பதாக உத்தேசமில்லை.